பதினோரு அமைதி

அத்தியாயம் 7

காலையிலிருந்து புள்ளி தன் ஷூவை மருந்துத் தண்ணீரில் முக்குவது இது ஐந்தாவது முறை. சந்துக்குள் போகும்போது ஒரு முக்கு, வெளியே வரும்போது ஒரு முக்கு. சந்தின் வாயில் அகலமான தட்டில் கிருமி கொல்லும் மருந்தை ஊற்றி வைத்துவிட்டு, மாட்டு டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். கோமாரி நோய் மனிதர் காலில் ஒட்டிக்கொண்டும் பயணம் போகும் என்பது அவர் கட்சி.

"சாக்ஸைக் கழட்டிப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தேறும் சார்," என்றாள் கமா.

"பேசாம வா."

"பேசாம வர்றதுக்கு நீங்க வேற ஆளை வேலைக்கு வச்சிருக்கணும்."

எடுத்த வழக்குக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கும் துப்பறிவாளர் என்று பத்திரிகையில் ஒருவர் எப்போதோ எழுதப்போக, ஊர் அதைச் சுருக்கிப் 'புள்ளி' ஆக்கிவிட்டது. கடைசி மூன்று வழக்குகளில் அவர் வைத்ததெல்லாம் கேள்விக்குறிதான். உதவியாளருக்குக் கமா என்று பேர் வைத்தது அவரேதான். அவள் பேச்சில் நடுநடுவே மூச்சு வாங்குவாள், நிறுத்த மாட்டாள்.

மணி பன்னிரண்டே கால். நாலு மணிக்குப் பால் சங்கத்தின் கூட்டம். அதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த முதல் சந்தில் பதினோரு பசுக்களுக்கு ஊசியில் போட்டது மருந்துதானா, தண்ணீரா?

பதினோரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு பசு. ஒவ்வொரு கதவிலும் ஊசி அட்டை தொங்குகிறது, தேதியும் கையெழுத்துமாக. ஆனால் பத்துப் பசுக்கள் வாயில் புண்ணும் குளம்பில் புண்ணுமாக, எச்சில் நூல் நூலாகத் தொங்க, நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கிடக்கின்றன. மீதி ஐந்து சந்துகளுக்கும் போட வேண்டிய மருந்து இன்று காலைதான் வந்தது. வேனில் ஐஸுக்குள் இருக்கிறது. அந்த ஐந்து சந்துக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்கள். போட்டும் வந்த நோய்க்கு எதற்குப் போட வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஊசிக்காரர் தண்ணீரைப் போட்டு ஏமாற்றினார் என்று நாலு மணிக்குத் தீர்மானம் போட்டால் அவர் வேலையும் போகும், வேனும் திரும்பிப் போகும், அப்புறம் கோமாரி ஒவ்வொரு சந்தாக விசாரித்துக்கொண்டு வரும்.

காலையில் புள்ளி பிடித்த நூல் மருந்துப் பெட்டி. எங்கோ குளிர் விட்டுப்போய் மருந்து கெட்டிருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். டாக்டரம்மா அந்த நீல ஐஸ் பெட்டியையே கையில் கொடுத்துவிட்டார். உள்ளே பொருத்திய வெப்பமானியும் அதன் பதிவுத் தாளும், மருந்து கிடங்கை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஊசிக்குள் போனது வரை, குளிர் ஒரு நிமிடம்கூடத் தப்பவில்லை என்று சத்தியம் செய்தன. மூன்று மணி நேர உழைப்பு ஐஸாகக் கரைந்தது.

"மிச்சம் இருக்கறது ஒரே நூல்தான்," என்றார் புள்ளி. "ஏழாம் நம்பர் கொட்டகை. பத்து விழுந்து ஒண்ணு மட்டும் எப்படி நிக்குது?"

"சந்து முழுக்க அதைத்தான் பேசுது சார். ஊசிக்காரர் அந்த அம்மா மாட்டுக்கு மட்டும் நிஜ மருந்து போட்டாராம். போன வருஷம் அவங்க வீட்டுத் தண்ணி குடிச்சாராம். தண்ணி குடுத்தவங்களுக்கு மருந்து, குடுக்காதவங்களுக்குத் தண்ணி. கணக்கு நேரா இருக்குல்ல?"

"நேரா இருக்கறதாலதான் எனக்குப் பிடிக்கல."

ஏழாம் நம்பர்க்காரம்மா சங்கத் தலைவருக்கு அண்ணி முறை. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, பால் வற்றிப்போன ஒரு கிழப் பசுவோடு தனியாக இருப்பவர். புள்ளியைக் கண்டதும் தவிட்டு வாளியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உங்க மாட்டுக்கு மட்டும் எப்படிம்மா நோய் வரல?"

"அது சாதுங்க. யார் வம்புக்கும் போகாது."

"கோமாரி வம்புக்குப் போறவங்களைப் பார்த்தா வருது?" என்று கமா கேட்டாள்.

அந்த அம்மா வாளியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஏதோ தொண்டை வரை வந்து நிற்கிறது என்று புள்ளிக்குத் தெரிந்தது. தொண்டைக்குள் கையை விட்டா எடுக்க முடியும்?

பசு உண்மையிலேயே சாதுதான். கருப்பு உடம்பு, முட்டி தேய்ந்து இழுத்து வைக்கிற இடது பின்னங்கால், பெரிய கண். புள்ளி நீலப் பெட்டியோடு பக்கத்தில் போய் நின்றபோது மோந்து பார்த்தது, பெட்டியின் மூலையை ஒரு நக்கு நக்கியது. மருந்துக் குப்பியின் எண்ணை இன்னொரு தரம் சரிபார்க்கலாம் என்று அவர் குனிந்து பெட்டியின் கொக்கியைத் தட்டினார்.

டக்.

அடுத்த விநாடி புள்ளி சாணித் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். தொடையில் குளம்பு பதிந்த இடம் தீயாய் எரிந்தது. பசு கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்று, உடம்பெல்லாம் வெடவெடக்க ஒரு குரல் கொடுத்தது. கூரையில் இருந்த இரண்டு புறாக்கள் ஊரை விட்டே போய்விட்டன.

"சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்க," என்றாள் கமா, அவரைத் தூக்கிவிட்டுக்கொண்டே. "கொட்டகை எங்க சார் கொள்ளும்?"

"சிரிக்காதே."

"சிரிக்கல சார். மூஞ்சியே இப்படித்தான்."

அந்த அம்மா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இல்லடா கண்ணு, இன்னிக்கு இல்லடா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 'இன்னிக்கு' புள்ளியின் காதில் முள்ளாகத் தைத்தது. ஆனால் தொடை வலி அதற்கு மேல் யோசிக்க விடவில்லை.

ஷூவை ஆறாம் முறை முக்குவதற்குள் அவருக்கு ஒன்று தோன்றியது. திரும்பினார். ஒவ்வொரு கொட்டகையாகப் போய், ஒவ்வொரு பசுவின் காதருகிலும் பெட்டிக் கொக்கியைத் தட்டினார். டக். எட்டாம் நம்பர் பசு காதைக்கூட ஆட்டவில்லை. டக். மூன்றாம் நம்பர் அலுப்போடு அவரைப் பார்த்தது. பத்துக் கொட்டகையிலும் ஒரு மாடுகூட அந்தச் சத்தத்தை லட்சியம் செய்யவில்லை.

"பார்த்தியா?" என்றார் புள்ளி. "ஊசி பட்ட மாடு இந்தச் சத்தத்தை மறக்காது. பத்தும் மறந்திருக்கு."

"காய்ச்சல்ல கிடக்கற மாடு சார் அதெல்லாம். இப்ப இடி விழுந்தாக்கூடத் திரும்பிப் படுக்கும். கூட்டத்துல இதைச் சொன்னீங்கன்னா, மாடு காது ஆட்டலைன்னு தீர்ப்பு சொன்ன முதல் துப்பறிவாளர் நீங்கதான்."

அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. மணி ஒன்றரை.

ஊசிக்காரரைப் பால் சேகரிக்கும் அறைக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட ஒரு கேனின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். கட்டிப் போடவில்லை. ஆனால் எழுந்து போனால் ஓடிவிட்டான் என்பார்கள் என்று அவரே அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, மடியில் பதிவேடு.

"பதினேழு வருஷம்," என்றார். "தண்ணியப் போட்டேன்னு சொல்றாங்க. காலைலேந்து குடிக்கத் தண்ணி கேட்டா ஒருத்தர்கூடத் தரல."

கமா தன் பாட்டிலை நீட்டினாள். அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்ததைப் பார்த்தபோது புள்ளிக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

"அந்தப் பதிவேட்டைக் கொடுங்க."

"எல்லாரும் புரட்டியாச்சு சார். தேதி, நம்பர், நிறம், நேரம், எல்லாம் ஒழுங்கா இருக்கு. குறிப்புன்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கும், அதை யாரும் எழுத மாட்டாங்க. நான் எழுதுவேன். மாடு எப்படி நின்னுச்சுன்னு. அடுத்த தடவை போறவனுக்கு உதவுமே."

கமா வாங்கிப் புரட்டினாள். முந்தைய மாதம் வேறெங்கோ பண்ணைகளில் போட்ட ஊசிகள். உரக்கப் படித்தாள்: "முட்டியது. உதைத்தது. கயிற்றை அறுத்தது. உதைத்தது. இருமுறை உதைத்தது. என் சட்டைக் காலரைத் தின்றது. உதைத்தது..." அடுத்த பக்கம் முதல் சந்து. அவள் குரல் மெல்ல இறங்கியது. "அமைதி. அமைதி. அமைதி. அமைதி..."

பக்கம் முடியும் வரை பதினோரு அமைதி.

புள்ளி பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டார். கடைசி வரி, பதினோராம் நம்பர் கொட்டகை: 'அமைதி. ஆனால் நடுங்கியது.'

"சந்து முழுக்க சாதுவா?"

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. முகத்துல சாக்கு போட்டு மூடிக் கூட்டி வந்தாங்க. கண்ணை மறைச்சா மிரளாதுன்னு தலைவர்தான் ஏற்பாடு பண்ணினார். நல்ல யோசனைன்னு நினைச்சேன். சந்துக் கோடியில மரச்சட்டம் நிறுத்தியிருந்தோம். மாடு அதுக்குள்ள வரும், சொந்தக்காரர் நம்பர் சொல்வார், நான் கழுத்துல போடுவேன், மாடு அந்தப் பக்கமா வெளியே போகும். நம்பர் போட்ட காது வில்லை இன்னும் வந்து சேரல. நம்பர் அவங்க வாயால சொல்றதுதான்."

"மாட்டோட முகத்தைப் பார்க்கவே இல்லையா?"

"கழுத்தைப் பார்க்கறதுதான் சார் என் தொழில். எல்லாக் கழுத்தும் கருப்பு. இந்தச் சந்துல எல்லாமே ஒரே இடத்துல வாங்கின மாடு."

புள்ளியின் விரல் நேரக் கட்டத்தில் இறங்கியது. ஆறு பத்து. ஆறு முப்பத்திரண்டு. ஆறு ஐம்பத்து நாலு. பழைய பக்கத்தில் உதைக்கிற மாடுகளுக்கே மாட்டுக்கு நாலு நிமிடம்தான். அமைதியாக நின்ற மாடுகளுக்கு இருபத்திரண்டு நிமிடமா?

"நடுவுல என்ன பண்ணினீங்க?"

"காத்துக்கிட்டிருந்தேன். அடுத்த மாடு வருது, வருதுன்னாங்க."

"கமா, கைக்கடிகாரம் இருக்கா?"

"இருக்கு. ஓடவும் செய்யுது."

"மரச்சட்டம் இருந்த இடத்துலேந்து கொட்டகைங்களுக்குப் பின்பக்கமா சுத்திச் சந்து வாசலுக்கு வா. கிழவி மாதிரி நட."

"நான் எதுக்கு சார் கிழவி மாதிரி..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். அவளை அறிந்த ஏழு வருடத்தில் அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அன்றுதான். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பின்பக்கம் வைக்கோல் போர், சாக்கடை, சாக்கடை மேல் ஒரு பலகை, அப்புறம் வேலியோரமாக ஒற்றையடித் தடம். மூன்று வாரமாக மழை பார்க்காத மண்ணில் ஒரே அளவுக் குளம்புத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிக் காய்ந்திருந்தன. இடது பின்னங்காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. அவள் வந்து சேர்ந்தபோது புள்ளி சந்து வாசலில் ஏழாம் முறையாக ஷூவை முக்கிக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு நிமிஷம் சார். கயிறு கை மாத்தி, சந்துல திரும்ப நடந்து, ஊசி போட ஏழு நிமிஷம் சேர்த்தா இருபத்திரண்டு."

ஏழாம் நம்பர்க்காரம்மா இம்முறை வாளியைத் தேடவில்லை. கமா பசுவிடம் போய்ப் பேச ஆரம்பித்தாள். வெயில், விலைவாசி, தன் நாத்தனார், புள்ளியின் குணம் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, பசு அரைக்கண் மூடியது. அவள் கை கழுத்தைத் தடவியது.

"ஊசி போட்ட கட்டி, இந்தப் பக்கம் அஞ்சு. அந்தப் பக்கம் நாலு. ஒன்பதுதான் சார் வருது."

புள்ளி பல்லைக் கடித்தார். "பதினொண்ணு வேணும்."

"மிச்சம் ரெண்டு கரைஞ்சிருக்கும்," என்றார் அந்த அம்மா. தொண்டையில் நின்றது ஒருவழியாக வந்துவிட்டது. "டாக்டரம்மாவும் சொல்வாங்க, எல்லா ஊசிக்கும் கட்டி நிக்காது. பதினொண்ணும் இதுக்குத்தாங்க போட்டது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி டக்குனு திறக்கும், அப்புறம் குத்தும். கண்ணைக் கட்டியிருந்ததால அதுக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். கடைசி தடவை நடுங்குச்சு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"யார் கேட்டாங்க?"

"எல்லாரும். ஊசி போட்டா பால் குறையும், சினை கலைஞ்சிடும்னு பயம். என் மாடு வறண்ட மாடு, குறையறதுக்கு ஒண்ணுமில்ல. கொழுந்தனார் வந்து நின்னு கேட்டா நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

புள்ளிக்கு அந்த நொடியில் தொடை வலி மறந்துவிட்டது. அந்த அம்மாவின் கொழுந்தன்தான் சங்கத் தலைவர். இந்த விசாரணைக்குப் புள்ளியை அமர்த்தியவரும் அவர்தான்.

கூட்டத்துக்குக் கால் மணி முன்பு, பால் அறையில் தலைவர் தனியாகக் கிடைத்தார். புள்ளி பதிவேட்டை மேஜையில் விரித்து வைத்தார். தலைவர் அதைப் பார்க்கவே இல்லை.

"ஊசிக்காரன் ஏமாத்தினான்னு ஒரு வரி எழுதித் தருவீங்கன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்," என்றார். "கடைசி மூணு கேஸையும் கோட்டை விட்டவர்னு விசாரிச்சுட்டுத்தான் கூப்பிட்டேன்."

கமா புள்ளியைப் பார்த்தாள். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. அவள் வாயைத் திறக்கவில்லை. அது புள்ளிக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"அந்த மனுஷன் காலைலேந்து ஒரு கேன் மேல உட்கார்ந்திருக்கார்," என்றார் புள்ளி. குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "பதினேழு வருஷ வேலையை எடுத்து உங்க வெட்கத்தை மூடப் பார்த்தீங்களே."

நாலு மணிக்கு ஆறு சந்துக்காரர்களும் கூடினார்கள். புள்ளி சுற்றி வளைக்கவில்லை. வார்த்தை, நேரம், தடம், கட்டி என்று வரிசையாகச் சொன்னார். தண்ணீர் யாருக்கும் போடவில்லை, மருந்து நல்ல மருந்து, பதினோரு மருந்தும் ஒரே மாட்டுக்குள் இருக்கிறது, அந்த மாடு மட்டும்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று முடித்தார்.

"முதல் சந்துக்காரங்க இங்க பதினோரு பேர் இருக்கீங்க. உங்கள்ல யார் மாட்டுக்காவது நிஜமா ஊசி போட்டிருந்தா கை தூக்குங்க."

யாரும் கை தூக்கவில்லை. இருமவும் இல்லை. பின்வரிசையில் ஏழாம் நம்பர்க்காரம்மா மட்டும் மெல்லக் கையை உயர்த்தினார்.

"மீதிப் பேரோடது பன்னிரண்டாவது அமைதி," என்றாள் கமா.

நாலாம் சந்துக்காரர் ஒருவர் எழுந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தால், டாக்டரம்மாவைப் பார்த்து, "வேன் இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஆள் ஆளுக்குக் கதவைத் திறக்க ஓடினார்கள்.

கலைந்த கூட்டத்தில் தலைவர் டாக்டரம்மாவின் வழியை மறித்து நின்றார். பதினோராம் நம்பர் கொட்டகை அவருடையது. அவர் பசு எட்டு மாதச் சினை. எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது.

"இப்பவாவது ஒரு ஊசி போட்டுடுங்கம்மா. நானே பிடிச்சுக்கறேன். சாக்கு வேண்டாம்."

டாக்டரம்மா அவரைத் திட்டத்தான் வாய் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"இது நோய் வர்றதுக்கு முன்னாடி போடற ஊசிங்க. வந்துட்ட மாட்டுக்கு இதால பிரயோஜனம் இல்ல. புண்ணைக் கழுவி மருந்து போடுவோம். கன்னு தங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

தலைவர் தலையை ஆட்டினார். நிறுத்தத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே நின்றார். புள்ளிக்கு அவர் மேல் இருந்த கோபம் இறங்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இரண்டாம் சந்துக் கோடியில் மரச்சட்டத்தை நிறுத்தியாயிற்று. ஊசிக்காரர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். முதல் பசு வந்தது, பழக்கதோஷத்தில் முகத்தில் சாக்கோடு.

"சாக்கை எடுங்க," என்றார்.

எடுத்தார்கள். பதினேழு வருடத்தில் முதல் முறையாக அவர் சுற்றி முன்பக்கம் வந்து, ஊசி போடப்போகிற மாட்டின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். நெற்றியில் சோழி அளவு வெள்ளை. ஒரு காது மடங்கியிருந்தது. இரண்டையும் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

டக்.

ஊசி இறங்கிய மறுகணம் சட்டத்தின் கட்டை ஒன்று பறந்தது. ஊசிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாள் முழுக்க சிரிக்காத மனிதர், வலியில் முகம் சுருங்க, சிரித்தார்.

"குறிப்புல என்ன எழுதட்டும்?" என்று கமா பேனாவோடு குனிந்தாள்.

"உதைத்ததுன்னு எழுதும்மா," என்றார். "நல்லா அழுத்தி எழுது."